முருகனும் மாதாவும் குடியேறிய ஆங்கிலேய அலுமாரி

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் பாரிஸுக்கு வந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஓர் ஆங்கிலேய அம்மையாரின் வீட்டில் தூசி தட்டுவது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்த அம்மையார் பாதி ஆயுளைப் பாரிஸில் கழித்தவர். ஆனால் பேக்கரியில் பாண் வாங்குவதுகூட ஆங்கிலத்தில்தான். பேக்கரிக்காரி முகத்தைச் சுளித்தால், இன்னும் உரத்த ஆங்கிலத்தில் கேட்பார். ஆகவே எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

அவருடைய சாப்பாட்டு அறையில் ஒரு சைட்போர்ட் நின்றது. மேசைக்கும் அலுமாரிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். ஆறு ஒல்லிக் கால்கள், அவற்றின் மேலே முன்பக்கம் தொந்தி தள்ளிய ஒரு நீளப் பெட்டி. நடுவில் ஒரு லாச்சி. இழுப்பறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இடது பக்கம் சின்னக் கதவு போட்ட ஒரு தட்டு. வலது பக்கமும் பார்வைக்குக் கதவு போலவே தெரியும். பிடித்து இழுத்தால் அது கதவல்ல, ஆழமான இன்னொரு லாச்சி. அதன் உட்புறம் ஈயத் தகடு அடித்து, போத்தல்கள் நிற்பதற்குக் கட்டம் கட்டமாகத் தடுத்திருந்தார்கள்.

முதல் நாளே அதில் இருந்த சித்திரங்களைப் பெயின்ட் என்று நினைத்து ஈரத்துணியோடு போனேன். அம்மையார் ஓடிவந்து துணியைப் பறித்தார். அது பெயின்ட் அல்ல, எல்லாம் மரம். தேன் நிறத்தில் மெல்லிய மரத்தகடு ஒட்டி, அதில் உருவத்தை வெட்டியெடுத்து, அந்த இடைவெளியில் வேறு நிற மரங்களை மயிர் நுழையாதபடி அறுத்துப் பதித்திருந்தார்கள். நடுவில் நீள்வட்டத்துக்குள் ஒரு சிப்பி. மூலைகளில் பாதி விரித்த விசிறிகள். கால்களில் ஒன்றின் வாலில் ஒன்றாகத் தொங்கும் பூமொட்டுகள், கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே. எல்லாவற்றையும் சுற்றி நூல் பிடித்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு. சிப்பியின் மடிப்புகளில் நிழல்கூட விழுந்திருந்தது. அந்த நிழலை எப்படிக் கீறினார்கள் என்று கேட்டேன்.

"கீறவில்லை. சூடான மணலில் துண்டின் ஓரத்தைச் செருகி எடுப்பார்கள். ஓரம் கருகும். அதுதான் நிழல்" என்றார் அம்மையார்.

"நாங்கள் நிலக்கடலை வறுப்பதும் அப்படித்தான்" என்றேன்.

அவர் எழுந்துபோய்த் தேநீர் போட்டார்.

அந்தத் தேன் நிற மரத்தைப் பற்றியும் அவரே சொன்னார். "இது உன் நாட்டிலிருந்து வந்தது. சிலோன்." மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முதிரை! எங்கள் பக்கத்தில் கதவுநிலைக்கும் கட்டிலுக்கும் போடுகிற மரம், இங்கே கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்துகொண்டு நின்றது. சொந்தக்காரரை அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகத்தராகக் கண்டது போல எனக்குச் சந்தோசம்.

இடதிலும் வலதிலும் ஒரே உருவம்தான் பதித்திருந்தது. அடியில் பாதம் வைத்த ஒரு பாத்திரம், மேலே மூடி, இரண்டு பக்கமும் வழியும் மாலை. எனக்கு அது அச்சொட்டாகக் கும்பம். தேங்காய் இருக்க வேண்டிய இடத்தில் மூடி, மாவிலை இருக்க வேண்டிய இடத்தில் மாலை, மற்றபடி கும்பமேதான்.

"இந்தத் தட்டு எதற்கு?" என்று இடது கதவைக் காட்டிக் கேட்டேன்.

அம்மையாரின் கழுத்து சிவந்தது. "அது… கனவான்களுக்கு. சாப்பாடு முடிந்து பெண்கள் எழுந்து போன பிறகு" என்றார். உடனே ஜன்னலைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றார்.

கும்பம் பதித்த கதவு, பெண்கள் போன பிறகு, பெரிய மனிதர்களுக்கு மட்டும். ஆங்கிலேயருக்கும் ஏதோ பூசை புனஸ்காரம் இருந்திருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன்.

சில மாதங்களில் அம்மையார் வீட்டைக் காலிசெய்துவிட்டு இங்கிலாந்தில் தங்கையோடு போய் இருக்க முடிவு செய்தார். தங்கையின் வீட்டில் சைட்போர்டுக்கு இடமில்லையாம். "உனக்கு வேண்டுமா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் தலையாட்டினேன். யோசித்திருக்க வேண்டும். லா ஷப்பேலில் எங்களுடைய வீடு மூன்றாம் மாடியில், ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, நடுவில் திரைபோட்டுப் பிரித்த ஒரு மூலை. அந்த மூலையில் மன்னாரைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க அண்ணை எங்களோடு வாடகைக்கு இருந்தார். என் கணவர் வேலை செய்த ரெஸ்டோரன்டில்தான் அவருக்கும் வேலை.

சைட்போர்டை என் கணவரும் மன்னார் அண்ணையும் கூட்டாளிகள் இரண்டு பேரும் தூக்கினார்கள். சங்கு மாதிரிச் சுழன்று ஏறுகிற மரப்படி. இரண்டாம் மாடிவரை வந்து, அங்கிருந்த ஒரு வீட்டுக் கதவில் முதுகை முட்டுக்கொடுத்துக்கொண்டு சைட்போர்ட் இறுகிவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் பிரெஞ்சில் சத்தம் போட்டார். வெளியே நாங்கள் போட்ட சத்தம் காதில் விழுந்ததும் தமிழுக்கு மாறினார்.

"யாருங்க அது? கதவ தொறக்க முடியலியே!"

"பயப்பிடாதேங்கோ அம்மா, சைட்போர்ட் ஒண்டு இறுகிப்போச்சுது" என்றார் என் கணவர்.

"என்னா இறுகிப்போச்சு?"

"சைட்போர்ட்! அலுமாரி!"

"நான் மார்ஷேக்குப் போவணும். மதியமே மூடிடுவான். கால கழட்டுங்க!"

"கழட்டேலாது அம்மா, ஒட்டின கால்."

"அப்ப நான் சொல்றபடி செய்ங்க. நான் போஸ்ட்டுல வேல பாத்து ரிட்டையர் ஆனவ. பெரிய பார்சல் வந்தா தலகீழாத்தான் திருப்பணும். மொதல்ல கால மேல தூக்குங்க. ம்… இப்ப கோஷ்! கோஷ்னா எடதுங்க!"

யாருடைய இடது என்பதில் கொஞ்சம் குழப்பம் ஏற்பட்டு, மன்னார் அண்ணையின் விரல் ஒன்று நசுங்கியது. ஆனால் பொருளைக் கண்ணால் பாராமலே அவர் சொன்ன வழியில் அது திரும்பி வழிவிட்டது. கதவு திறந்தது. குள்ளமான ஒரு புதுச்சேரிப் பெண்மணி, மார்க்கெட் பையோடு வெளியே வந்து, தலைகீழாக நின்ற சைட்போர்டைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"த்ரே ஜோலி" என்றார். "அழகாத்தான் இருக்கு. ஆனா இத வெச்சிக்கினு நீங்க எங்க படுப்பீங்க?"

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு மதாம். மார்க்கெட்டை மறந்து, சைட்போர்டின் பின்னாலேயே மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டார்.

அறையில் வைத்த பிறகு பிரச்சினை தொடங்கியது. நான் கும்பத்தைக் காட்டி, இது சுவாமித் தட்டு என்றேன். மன்னார் அண்ணை கிட்டப் போய்ப் பார்த்தார்.

"தங்கச்சி, இது கும்பமில்லை. பூசையிலை சுவாமியார் தூக்கிப் பிடிக்கிற பாத்திரம். நடுவிலை கிடக்கிறது சிப்பி, எங்கடை மன்னார் முத்துச் சிப்பி. இது வேதக்காரற்றை சாமான்."

"அண்ணை, மாலை போட்டிருக்கெல்லோ?"

"மாதாவுக்கும்தான் மாலை போடுறம்."

மதாம் நடுவராக இருந்தார். "ரெண்டு பக்கமும் சொம்பு இருக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. செ ஃபினி!" என்று தீர்ப்புச் சொன்னார். இடது தட்டில் என் முருகனும் வள்ளி தெய்வானையும் பிள்ளையாரும் குடியேறினார்கள். கதவைத் திறந்தால் கோயில், மூடினால் வீடு. வலது லாச்சி மன்னார் அண்ணைக்கு. போத்தல் நிற்கிற கட்டத்துக்குள் அவருடைய மாதா சொரூபம் அளவெடுத்ததுபோல இறங்கியது. பக்கத்துக் கட்டத்தில் அந்தோனியார். அண்ணை ஒவ்வொரு காலையும் மாதாவை வெளியே இழுத்து, செபம் சொல்லி, சிலுவை அடையாளம் போட்டு, திரும்ப உள்ளே தள்ளுவார். அவசரமாகத் தள்ளினால் உள்ளே டங்கென்று ஒரு சத்தம் கேட்கும். "சொறி மாதாவே" என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பார்.

எங்களுக்குத் தெரிந்த கோயில் ஒன்றும் அப்போது பக்கத்தில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். இடது கதவைத் திறந்து விளக்கேற்றித் தேவாரம் பாடுவோம். பதித்த மரத்தில் விளக்கு வெளிச்சம் பட்டால் மூலையிலிருந்த விசிறிகள் மயில்தோகை போலவே இருக்கும். எங்கள் சைட்போர்டுக்குத் தெருவில் ஒரு பெயர் வந்துவிட்டது.

இங்கிலாந்துக்குப் புறப்படுமுன் அம்மையார் அதைப் பார்க்க வந்தார். அன்று மன்னார் அண்ணைக்கு ஓய்வுநாள். மதாமும் இருந்தார். அண்ணை முதலில் தன் லாச்சியை இழுத்து மாதாவைக் காட்டினார். அம்மையார் புன்னகைத்தார். நான் பெருமையோடு இடது கதவைத் திறந்தேன். உள்ளே விளக்கு, பூ, விபூதி, முருகன்.

"ஓ" என்றார் அம்மையார். பிறகு, "ஓ டியர்" என்றார். பிறகு வெகுநேரம் இருமினார்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இது 'பொட்' வைக்கிற இடம் அல்லவா?" என்று மெல்லக் கேட்டார்.

பொட் என்றால் பானை. அவர்களுக்கும் அது கும்பம்தான் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. "ஆமாம், பொட்! நாங்களும் வைப்போம்!" என்று கதவில் இருந்த உருவத்தைத் தொட்டுக் காட்டினேன். "விசேச நாட்களில் தண்ணீர் நிரப்பி வைப்போம்."

"நிரப்பியா?"

"மேலே தேங்காய் வைத்து, பூப் போட்டு, எல்லோரும் சுற்றிவர இருந்து கும்பிடுவோம்."

அம்மையார் கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "அந்தப் பொட் இல்லை, பிள்ளை. கனவான்கள் நிறைய வைன் குடிப்பார்கள். வெளியே குளிர். எழுந்து போக முடியாது…" எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை என்று கண்டு, வாழ்க்கையில் ஒருதரம் பிரெஞ்சில் முயன்றார். "போ து ஷாம்ப்ர்."

ஷாம்ப்ர் என்றால் அறை என்பது வாடகைப் பத்திரத்தில் பார்த்து எனக்குத் தெரியும். "அறைப் பானையாம்" என்று மன்னார் அண்ணைக்கு மொழிபெயர்த்தேன்.

மதாம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஐயையோ! அறப் பான இல்லம்மா. மூத்திரச் சட்டிம்மா!"

முதலில் வாய் திறந்தவர் மன்னார் அண்ணை.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது" என்றேன்.

"அப்ப வலது?"

அம்மையாரிடம் கேட்டேன். வைன் போத்தல் என்றார். அண்ணையின் முகம் பெருநாள் மாதிரி மலர்ந்தது. "வைன்! பூசைக்கு வைக்கிற சாமான்! மாதாவே, நீ இடம் பாத்துத்தான் இருந்திருக்கிறாய்" என்று சொல்லி, தன் கட்டிலில் போய் விழுந்து, திரை குலுங்கச் சிரித்தார். அம்மையார் என் கையைப் பிடித்து இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். படியில் அவருடைய இருமல் கீழே போகும்வரை கேட்டது. அது இருமல்தானா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்.

வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன்.

"நீர் என்ன கதைக்கிறீர்? சாப்பாட்டு அறையிலையோ?"

"ஓம்."

"சாப்பிடுற மேசைக்குப் பக்கத்திலையோ?"

"ஓம் எண்டெல்லே சொல்லுறன்."

அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "இவையளே வந்து எங்களை ஆண்டவை?"

அடுத்த கேள்வி, சுவாமியை எங்கே வைப்பது. சுவரெல்லாம் கட்டில். மன்னார் அண்ணையின் லாச்சியில் ஒரு கட்டம் கேட்டுப் பார்த்தோம். அந்தோனியாருக்கு நெருக்கமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். அந்த வீட்டில் உயரமாகவும் சுத்தமாகவும் மிஞ்சியிருந்த ஒரே இடம் பிரிட்ஜின் தலை. அங்கே ஒரு வெள்ளைத் துணி விரித்து, குடும்பத்தோடு முருகனை ஏற்றினோம்.

வெள்ளிக்கிழமை வந்த பெண்கள் திகைத்துப்போனார்கள். "என்ன, சாமியைக் குசினிக்கை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார் மூத்த அக்கா ஒருவர். என் கணவர் குறுக்கே விழுந்தார்.

"முருகன் குன்றிலை நிக்கிற கடவுளெல்லோ அக்கா. கீழை, பதிவான இடம் அவருக்குச் சரிவரேல்லை."

"கனவிலை வந்து சொன்னவரோ?"

"கிட்டத்தட்ட" என்றார் என் கணவர்.

மதாம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். நாங்கள் தேவாரத்தைத் தொடங்கினோம். இரண்டாவது பாட்டில் பிரிட்ஜின் மோட்டார் உறுமிக்கொண்டு எழும்பியது. எங்கள் பிரிட்ஜ் கிழடு. எழும்பினால் உடம்பு முழுவதும் நடுங்கும். முருகனின் வேல் கிலுகிலுவென்று ஆடியது. விளக்கின் சுடர் துடித்தது. பிள்ளையார் மெல்ல மெல்ல முன்னுக்கு நகர்ந்து வந்தார்.

"ஆடுது! பாருங்கோ, வேல் ஆடுது!" என்று அக்கா கத்தினார். இன்னொரு பெண் விம்மி அழுதார். நான் பிள்ளையார் விழுமுன் பிடிக்கப் போனேன். அதையும் அவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

இரண்டு மூன்று கிழமைக்குள் லா ஷப்பேலில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் முருகன் பிரிட்ஜின் மேல் ஏறிவிட்டார். புதுப் பிரிட்ஜ் வைத்திருந்த ஒரு வீட்டுக்காரி, தன் வீட்டில் வேல் ஆடவில்லை, என்ன குறையோ தெரியவில்லை என்று என்னிடம் வந்து கண்கலங்கினார். என் கணவர் அவரிடம், பிரிட்ஜின் ஒரு காலுக்குக் கீழே மட்டை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஆடியதாம்.

எனக்கோ வீட்டுக்குள் நடமாடவே கூச்சமாக இருந்தது. இடது கதவின் கும்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் கனவான் ஒருவர் அதற்கு முன்னால் நிற்பது போலவே தோன்றும். மன்னார் அண்ணை வேறு, அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தரம் தட்டி, "ஆள் இருக்கோ?" என்று கேட்பார். கடைசியில் விற்றுவிடுவது என்று முடிவெடுத்தோம். மதாமுக்குத் தபால் கந்தோர் நாட்களிலிருந்து பழக்கமான ஒருவர், நகர எல்லைக்கு அப்பால் பழைய சாமான் சந்தையில் கடை வைத்திருந்தார். மீசையும் தோல் கைப்பையுமாக வந்தார்.

அவர் சைட்போர்டைப் பார்த்த விதத்தைப் பார்த்தால் வைத்தியர் மாதிரி இருந்தது. குனிந்து முகர்ந்தார். நகத்தால் வெள்ளைக் கோட்டைத் தடவினார். லாச்சியைக் கழற்றிக் கவிழ்த்து, மேலே ஒட்டிய தகட்டின் விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, சாவு வீட்டில் பேசுகிற குரலில் நீளமாக ஏதோ சொன்னார். மதாம் மொழிபெயர்த்தார்.

"மனசத் தேத்திக்கச் சொல்றாரு. இது அசல் பழசு இல்லியாம்."

"பேந்து, என்னவாம்?" என்று கேட்டேன்.

"ரொம்பப் பிந்தி, இந்த நூத்தாண்டுத் தொடக்கத்துல, பழச பாத்து அதே மாதிரி செஞ்சதாம். அசல்ல போட்ட மஞ்ச மரம் வேற, அது அமெரிக்கா பக்கத்துத் தீவுலேர்ந்து வந்ததாம். இது சிலோன் மரம். தகடும் கையால அறுத்தது கெடையாது, மெஷின்ல அறுத்தது. அதான் காயிதமாட்டம் ஒரே சீரா இருக்காம். சிப்பி, சொம்பு எல்லாம் தனியா கடையில ரெடிமேடா வாங்கிப் பதிச்சதாம். வேல சுத்தமான வேலதான், ஆனா அசல் இல்ல. ரொம்ப வருத்தப்படுறாரு."

என் கணவர் நிமிர்ந்தார். "மதாம், ஒண்டு கேளுங்கோ. இது செய்த காலத்திலை, அந்த இடது தட்டிலை… உது வைக்கிறவையோ?"

மதாம் கேட்டார். கடைக்காரர் கைகளை விரித்தார். தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"நோ, நோன்றாரு! அப்பல்லாம் ஊட்டுக்குள்ளயே கக்கூஸ் வந்துடுச்சாம். பழைய அலமாரில அப்டி ஒரு கதவு இருந்துச்சுன்னு உருவத்துக்காக இதுலயும் வெச்சிருக்கான். சட்டி கிட்டி ஒண்ணும் உள்ள போயிருக்காதாம்!"

என் கணவர் கடைக்காரரைக் கட்டிப்பிடித்தார். நான் குசினிக்கு ஓடி முருகனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தேன். மதாம் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டார். கடைக்காரர் தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். இந்தச் செய்தியை எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறாராம். அழுதிருக்கிறார்களாம், கத்தியிருக்கிறார்களாம், ஒருவர் நாயை அவிழ்த்து விட்டாராம். கற்பூரம் காட்டியது நாங்கள்தானாம்.

மன்னார் அண்ணைக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது. "அப்ப வலதும் சும்மா உருவத்துக்குத்தானோ? வைனும் இல்லையோ?" என்று கேட்டார்.

கடைக்காரர் லாச்சிக்குள் தலையை விட்டு, மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் நடுவில் நன்றாக முகர்ந்தார்.

"வைன் இருந்திருக்காம்" என்றார் மதாம். "அத மட்டும் இங்கிலீஷ்காரங்க எந்தக் காலத்துலயும் வுடலியாம்."

அண்ணை சமாதானமாகிவிட்டார். கடைக்காரருக்கு வடையும் தேநீரும் கொடுத்தோம். விற்பனை இல்லை என்றோம். அவரும் வடையின் ஓட்டையை ஆராய்ந்தபடியே படியிறங்கிப் போனார்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அம்மையார் இங்கிலாந்திலிருந்து மதாமின் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தார். நான் கீழே ஓடிப்போய்ப் பேசினேன். சைட்போர்ட் பழையது இல்லையாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அது தெரியுமே!" என்று சிரித்தார். "என் அப்பா தன் கலியாணத்துக்குக் கடையில் புதிதாக வாங்கியது. பொட் கதையை விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிப்பது அவருக்கு ஒரு பழக்கம். அம்மா அந்தத் தட்டில் கம்பளி நூல்தான் வைத்திருந்தார்."

"கம்பளி நூல் மட்டும்தானே?"

"நூலும், பூனையும். எங்கள் பூனை வருடா வருடம் அதற்குள்தான் குட்டி போடும். அந்த வாசனை போகவே மாட்டேனென்றது. ஏன், பிள்ளை?"

ஒன்றுமில்லை என்று சொல்லி, நத்தார் வாழ்த்துக் கூறி, தொலைபேசியை வைத்தேன். மதாம் கதவடியில் காத்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா சொன்னாங்க?"

"கம்பளி நூல் வைச்சிருந்தவையாம்" என்றேன்.

"அப்பாடா" என்று மதாம் கையெடுத்துக் கும்பிட்டார். நான் மேலே போய், வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று, இடது தட்டுக்கு இன்னும் கொஞ்சம் சாம்பிராணி காட்டினேன்.